சிப் பென்ஷன் தொடங்குவோருக்கு: எந்தப் படிவம், எவ்வளவு செலவு, எத்தனை நாள்

பிரிட்டனில் நான்கைந்து வருடம் வேலை பார்த்தவர் யாரைக் கேட்டாலும் இரண்டு மூன்று பழைய கம்பெனிகளின் பென்ஷன் அங்கங்கே கிடக்கும். அவற்றை ஓரிடத்தில் சேர்க்க, முதலீட்டைத் தானே தேர்ந்தெடுக்க, அல்லது சொந்த லிமிடெட் கம்பெனியிலிருந்து பென்ஷனில் பணம் போட நினைப்பவர்கள் வந்து சேரும் இடம் சிப், அதாவது முதலீட்டை நாமே முடிவு செய்யும் தனிநபர் பென்ஷன்.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சிப் கணக்கை நிர்வகிக்கும் நிறுவனம் உங்கள் ஆலோசகர் இல்லை. கணக்கு வைப்பது, வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யிடம் 20 சதவீத வரிச் சலுகையைக் கேட்டு வாங்குவது, நீங்கள் சொன்னதை வாங்கி விற்பது, அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் சொன்னது உங்களுக்கு நல்லதா என்று அது பார்க்காது. தப்பான படிவத்தில் எழுதிக் கொடுத்தால் தப்பாகவே ஏற்றிவிடும். அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் முதலீட்டைவிடப் படிவங்களைப் பற்றியே அதிகம் இருக்கிறது.

1. சிப் உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

வேலை செய்யும் இடத்துப் பென்ஷனை நிறுத்திவிட்டு சிப்புக்குப் போகாதீர்கள். கட்டாயச் சேர்க்கைத் திட்டத்தில் முதலாளி குறைந்தது 3 சதவீதம் போட வேண்டும். பல கம்பெனிகள் அதற்கு மேலும் போடுகின்றன. அதே பணத்தை உங்கள் சிப்பில் போடச் சொல்லி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. முதலாளி தரும் முழுப் பங்கையும் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் மிஞ்சுவதை சிப்பில் போடுவதே புத்திசாலித்தனம்.

அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் பென்ஷனில் இருப்பவர்கள் அதை சிப்புக்கு மாற்ற முடியாது. அரசு நிதியிலிருந்து நேரடியாகத் தரப்படும் பென்ஷன்களுக்கு 2015 ஏப்ரலிலிருந்து அந்த வழி மூடப்பட்டிருக்கிறது. தனியாக ஒரு சிப் தொடங்கத் தடையில்லை. ஆனால் மருத்துவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: என்.எச்.எஸ். பென்ஷனின் அந்த ஆண்டு வளர்ச்சியும், வரிச் சலுகையோடு பென்ஷனில் சேர்க்கக்கூடிய ஆண்டு வரம்பான 60,000 பவுண்டுக்குள் சேர்த்துக் கணக்கிடப்படும். சம்பளத்தில் பிடித்த தொகையை மட்டும் கழித்துப் பார்த்து "இன்னும் இடம் இருக்கிறது" என்று நினைத்தால் கணக்கு தப்பும். என்.எச்.எஸ். பென்ஷன் அலுவலகத்திடம் சேமிப்பு அறிக்கை கேட்டு வாங்கிய பிறகு போடுங்கள்.

சில வருடங்களில் ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இன்னொரு தடவை யோசியுங்கள். இந்தியாவின் பி.எஃப். போல வேலையை விட்டதும் எடுத்துக்கொள்ளும் பணம் இல்லை இது. இப்போது 55 வயதுக்கு முன் தொட முடியாது. 2028 ஏப்ரல் 6 முதல் அது 57 ஆகிறது. நீங்கள் மதுரையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் பணம் அந்த வயதுவரை இங்கேதான் இருக்கும். முன்னதாகவே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது மோசடி. நீங்கள் ஏமாந்திருந்தாலும் 55 சதவீதம் வரை வரி உங்கள் தலையில்தான் விழும்.

2. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு வகை உண்டு. முதல் வகை இணையத்தளத்திலேயே எல்லாம் முடியும் சிப்: ஃபண்ட், பங்கு, இ.டி.எஃப். (பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்), கடன் பத்திரம். ஏ.ஜே. பெல், ஹார்க்ரீவ்ஸ் லான்ஸ்டவுன், இன்டராக்டிவ் இன்வெஸ்டர், ஃபிடெலிட்டி எல்லாம் இதில் வரும். பத்தில் ஒன்பது பேருக்கு இதுவே போதும். இரண்டாவது, முழு சிப்: கடை, அலுவலகம், கிளினிக் போன்ற வணிகக் கட்டடத்தையும் வாங்கலாம். திறக்கத் தனிக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், கட்டடத்துக்கு வேறு ஆண்டுக் கட்டணம் என்று ஒவ்வொன்றும் சில நூறு பவுண்டுகள். கட்டடம் வாங்கும் எண்ணம் இல்லாதவர் இதற்குள் போகவே வேண்டாம்.

கட்டணத்தை ஒப்பிடும்போது சதவீதமா, மாதத் தொகையா என்று முதலில் பாருங்கள். உதாரணமாக ஒன்றில் ஆண்டுக்கு 0.25 சதவீதம், இன்னொன்றில் மாதம் 12 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 20,000 பவுண்டு இருந்தால் முதலாவதில் 50 பவுண்டு, இரண்டாவதில் 144. அதுவே 300,000 ஆனால் முதலாவது 750, இரண்டாவது அதே 144. இரண்டும் சமமாகும் இடம் 57,600 பவுண்டு. சதவீதக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில நிறுவனங்களில் பங்குக்கும் இ.டி.எஃப்.புக்கும் மட்டும் வரம்பு இருக்கும், ஃபண்டுக்கு இருக்காது.

விளம்பரத்தில் பெரிதாகத் தெரியாத செலவுகளும் உண்டு: அமெரிக்கப் பங்கு வாங்கினால் அந்நியச் செலாவணிக் கட்டணம், ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் கட்டணம், ஓய்வில் பணம் எடுக்கக் கட்டணம், வேறிடத்துக்கு மாற்றக் கட்டணம். கட்டணப் பட்டியலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது நல்ல பழக்கம்.

பிறகு, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. அமைப்பின் பதிவேட்டில் நிறுவனத்தின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரை மட்டும் பார்த்தால் போதாது. பெயரைத் திருடிய போலித் தளங்கள் உண்டு. தனிநபர் பென்ஷன் நடத்தும் அனுமதி இருக்கிறதா, பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணும் தள முகவரியும் உங்களிடம் உள்ளவையும் ஒன்றா என்று சரிபாருங்கள். பென்ஷன் விஷயமாக யாராவது தாமாக அழைத்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். அப்படி அழைப்பது 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.

நிறுவனம் திவாலானால் எஃப்.எஸ்.சி.எஸ். என்னும் இழப்பீட்டுத் திட்டத்தின் பாதுகாப்பு முதலீட்டுக்கு ஒரு நிறுவனத்துக்கு 85,000 பவுண்டு வரை. சிப்பில் ரொக்கமாகக் கிடக்கும் பணம் வங்கியில் இருக்கும். அதற்கு 2025 டிசம்பர் 1 முதல் வங்கிக்கு 120,000 பவுண்டு. அதே வங்கியில் உங்கள் சொந்தச் சேமிப்பும் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் அந்த வரம்பு. முதலீட்டின் மதிப்பு சந்தையில் இறங்கினால் இதில் எதுவும் கிடைக்காது.

3. ஆவணங்கள்: நம் பெயர்தான் முதல் சிக்கல்

கேட்பது என்னவோ கொஞ்சம்தான்: நேஷனல் இன்சூரன்ஸ் எண், பிறந்த தேதி, வங்கி விவரம், பிரிட்டன் முகவரி. கணினி உங்களை அடையாளம் காணாவிட்டால் பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமமும், கடந்த 3 மாதத்துக்குள் வந்த மின்கட்டண ரசீது அல்லது வங்கி அறிக்கையும் கேட்பார்கள்.

தமிழ்ப் பெயர்கள் இங்கேதான் மாட்டுகின்றன. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சம்பளச் சீட்டில் அதுவே முதல் பெயராக இருக்கும், பழைய பென்ஷனில் வெறும் இனிஷியலாக இருக்கும். புதிய கணக்கு திறக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். பழைய பென்ஷன் நிறுவனங்களில் பெயரும் முகவரியும் வேறாக இருந்தால், மாற்றல் படிவம் கொடுப்பதற்கு முன்பே அங்கே திருத்திவிடுங்கள். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் திருமணச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. எச்.எம்.ஆர்.சி. பதிவிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வரிச் சலுகை கேட்டுப் போகும் மனு நின்றுவிடும்.

சிக்கல் ஒன்றும் இல்லையென்றால் கணக்கு அன்றே திறந்துவிடும். முழு சிப்புக்குச் சில வாரங்கள். தொடங்கிய பின் 30 நாள் ரத்து செய்யும் உரிமை உண்டு.

4. பணம் போடுவது

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

சொந்தப் பணம். 8,000 பவுண்டு போட்டால், நிறுவனம் எச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து 2,000 வாங்கிச் சேர்த்து 10,000 ஆக்கும் (20 சதவீதம் என்பது இந்த 10,000இல்). இந்த 2,000 உடனே வராது. பொதுவாக 6 முதல் 11 வாரம் ஆகும். சில இணையத்தளங்கள் "எவ்வளவு போடுகிறீர்கள்" என்று கேட்கும்போது சலுகை சேர்ந்த தொகையைக் கேட்கின்றனவா, உங்கள் கையிலிருந்து போவதைக் கேட்கின்றனவா என்று பாருங்கள். 60,000 வரம்பு சலுகை சேர்ந்த தொகைக்கு. அதாவது கையிலிருந்து 48,000.

40 சதவீத வரி கட்டுபவர் மீதி 20 சதவீதத்தைத் தானே கேட்டு வாங்க வேண்டும். நிறுவனம் அதைச் செய்யாது. செல்ஃப் அசெஸ்மென்டில், அதாவது நீங்களே தாக்கல் செய்யும் வரிக் கணக்கில், சலுகை சேர்ந்த தொகையை, மேலே சொன்ன உதாரணத்தில் 10,000ஐ, எழுத வேண்டும். 8,000 என்று எழுதினால் உங்கள் பணம் போச்சு. செல்ஃப் அசெஸ்மென்ட் செய்யாதவர்கள் அரசு இணையத்தளத்தில் கேட்கலாம். சிப் நிறுவனம் தரும் பங்களிப்புச் சான்றிதழைப் பதிவிறக்கி வைத்திருங்கள். நான்கு வரியாண்டுகள் பின்னோக்கிக் கேட்க முடியும். ஒருமுறை கேட்டதும் எச்.எம்.ஆர்.சி. அடுத்த ஆண்டும் அதே தொகை போடுவீர்கள் என்று எண்ணி, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் வரிக் குறியீட்டை மாற்றிவிடலாம். அது ஒரே தடவை போட்ட பணம் என்றால் சொல்லிவிடுங்கள், இல்லையேல் பிறகு திருப்பிக் கட்ட நேரும்.

இன்னொரு வரம்பு உங்கள் சம்பாத்தியம். சொந்தப் பெயரில் போடுவதற்கு, அந்த ஆண்டின் சம்பளம் அல்லது சுயதொழில் லாபத்துக்கு மேல் வரிச் சலுகை இல்லை. வீட்டு வாடகையும் டிவிடெண்டும் இதில் சேராது. சொந்தக் கம்பெனி வைத்து 12,570 பவுண்டு சம்பளமும் மீதி டிவிடெண்டுமாக எடுக்கும் ஐ.டி. ஒப்பந்தக்காரர்கள் இதில்தான் விழுகிறார்கள். அவர்களால் சொந்தப் பெயரில் சலுகை சேர்த்து 12,570 வரைதான் போட முடியும். சம்பாத்தியமே இல்லாத துணைவருக்கும், குழந்தைக்கும்கூட ஆண்டுக்கு 2,880 போட்டு 3,600 ஆக்கலாம்.

கம்பெனிப் பணம். அந்த ஒப்பந்தக்காரர்களுக்குச் சரியான வழி இது. கம்பெனி போடும் பணத்துக்கு உங்கள் சம்பள வரம்பு கிடையாது. 60,000 வரம்பு மட்டும். 20 சதவீதமும் சேராது. கம்பெனி அதைச் செலவாகக் காட்டிக் கார்ப்பரேஷன் வரியில் குறைத்துக்கொள்ளும். இதற்கென்று முதலாளி பங்களிப்புப் படிவம் தனியாக இருக்கிறது. அதை நிரப்பாமல் கம்பெனிக் கணக்கிலிருந்து உங்கள் சொந்தப் பங்களிப்புக்கான வங்கி விவரத்துக்கு அனுப்பினால், நிறுவனம் அதைச் சொந்தப் பணமாக எடுத்துக்கொண்டு வரிச் சலுகை கேட்டுவிடும். உரிமையில்லாத சலுகையை வாங்கியதாகும், பின்னர் அவ்வளவையும் திருப்பித் தர வேண்டும். முதலில் படிவம், பிறகு பணம். கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்தே போக வேண்டும்.

முந்தைய ஆண்டு மிச்சம். கடந்த மூன்று வரியாண்டுகளில் பயன்படுத்தாத வரம்பை எடுத்து வரலாம். அந்த ஆண்டுகளில் ஏதாவது ஒரு பதிவுபெற்ற பென்ஷனில் நீங்கள் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், இந்த ஆண்டு வரம்பை முதலில் தீர்க்க வேண்டும். படிவம் எதுவும் அனுப்பத் தேவையில்லை. கணக்கை எழுதி நீங்களே வைத்திருங்கள். வருமானம் 200,000 பவுண்டைத் தாண்டுபவர்களுக்கு வரம்பே குறையக்கூடும். அவர்கள் கணக்காளரிடம் போவது நல்லது.

தேதி. வரியாண்டு ஏப்ரல் 5ஆம் தேதி முடிகிறது. பணம் அன்றைக்குள் நிறுவனத்திடம் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தேதி கணக்கில் இல்லை. 2026 போல ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறாக அமையும் ஆண்டில் முந்தைய வெள்ளியிலிருந்தே வங்கி வேலை நாள் கிடையாது. மார்ச் நடுவிலேயே முடித்துவிடுங்கள். கம்பெனிப் பணத்துக்குக் கம்பெனியின் கணக்காண்டு முடிவுத் தேதியும் முக்கியம்.

5. பழைய பென்ஷன்களை மாற்றுவது

தொலைந்த பென்ஷனைத் தேட அரசின் பென்ஷன் டிரேசிங் சர்வீஸ் இருக்கிறது, இலவசம். கம்பெனி பெயர் தெரிந்தால் போதும். காசு கேட்டுத் தேடித் தருபவர்கள் தேவையில்லை.

மாற்றுமுன் பழைய நிறுவனத்துக்கு எழுதி நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்: உத்தரவாதமான ஆண்டுத்தொகை விகிதம் (சேர்ந்த பணத்துக்கு ஆண்டுதோறும் இவ்வளவு தருவோம் என்ற வாக்குறுதி) ஏதாவது இருக்கிறதா, 25 சதவீதத்துக்கு மேல் வரியில்லாப் பணம் எடுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா, 55இலேயே எடுக்கும் பாதுகாக்கப்பட்ட வயது இருக்கிறதா, வெளியேறக் கட்டணமோ மதிப்புக் குறைப்போ உண்டா. முதல் மூன்றும் மாற்றியதும் போய்விடக்கூடியவை. திரும்ப வாங்க வழியில்லை. கடைசிச் சம்பளத்தை வைத்துத் தரும் பென்ஷனாக இருந்து அதன் மாற்றல் மதிப்பு 30,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், அனுமதிபெற்ற ஆலோசகரிடம் ஆலோசனை பெற்ற சான்று சட்டப்படி கட்டாயம். அந்த ஆலோசனைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். "வேண்டாம்" என்று அவர் சொன்னாலும் அந்தச் செலவு உண்டு. பெரும்பாலோருக்கு அந்த "வேண்டாம்" சரியான பதிலாகவே இருக்கும்.

இப்போது வேலை பார்க்கும் இடத்துப் பென்ஷனை முழுதாக மாற்றினால் அந்தக் கணக்கே மூடப்பட்டு முதலாளி போடும் பணம் நிற்கலாம். பகுதி மாற்றல் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேலையைத் தொடங்குவது புதிய நிறுவனம்தான். பழையதிடம் நீங்கள் போய்க் கேட்கத் தேவையில்லை. பாலிசி எண்ணைப் பழைய அறிக்கையைப் பார்த்து எழுதுங்கள், உறுப்பினர் எண்ணும் திட்ட எண்ணும் வேறு வேறாக இருக்கும். இரு நிறுவனமும் மின்னணு முறையில் இணைந்திருந்தால் ரொக்க மாற்றல் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முடிந்துவிடும். காகிதத்தில் நடந்தால் இரண்டு மூன்று மாதம். முதலீட்டை விற்காமல் அப்படியே மாற்றினால் இன்னும் இழுக்கும். ரொக்க மாற்றலின்போது உங்கள் பணம் சந்தைக்கு வெளியே இருக்கும். அந்த நாள்களில் சந்தை ஏறினால் அது உங்கள் இழப்பு.

நடுவில் "அம்பர் கொடி" என்று கடிதம் வந்தால் பயப்படாதீர்கள். 2021 நவம்பர் 30 முதல் உள்ள விதிப்படி, மோசடிக்கான அறிகுறி தெரிந்தால் பழைய நிறுவனம் மாற்றலை நிறுத்தி, மனிஹெல்ப்பர் என்னும் அரசு ஆதரவு பெற்ற வழிகாட்டிச் சேவையிடம் ஒரு பாதுகாப்புச் சந்திப்புக்கு உங்களை அனுப்ப வேண்டும். சாதாரண உலகளாவிய ஃபண்டு இருந்தால்கூட "வெளிநாட்டு முதலீடு" என்று இந்தக் கொடி ஏறியதுண்டு. சந்திப்பு இலவசம், தொலைபேசியிலேயே நடக்கும். முடிந்ததும் தரும் எண்ணைக் கொடுத்தால் வேலை தொடரும். சிவப்புக் கொடி என்றால் நிலைமை வேறு. யாரோ உங்களைத் தவறாக வழிநடத்துகிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம், அங்கேயே நில்லுங்கள்.

6. பணம் வந்ததும் முதலீடு செய்யுங்கள்

இது சொல்ல வேண்டிய விஷயமா என்று தோன்றும். ஆனால் வந்த பணம் தானாக எதிலும் போகாது. மாற்றல் பணமும் வரிச் சலுகையும் ரொக்கமாக விழும். மாதாமாதம் தானாக வாங்கும் வசதியை இயக்கி வைத்திருந்தாலும், பிந்தி வரும் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

7. கடையை சிப்பில் வாங்க நினைப்பவர்களுக்கு

சொந்தக் கடையின் கட்டடத்தை சிப் வாங்கி, உங்கள் வியாபாரம் சிப்புக்கு வாடகை கட்டுவது சட்டப்படி சரியான வழி. வாடகை சந்தை விலையில் இருக்க வேண்டும், ஒழுங்காகக் கட்டவும் வேண்டும். வியாபாரம் மந்தம் என்று சொந்தப் பென்ஷனுக்கே வாடகை பாக்கி வைக்க முடியாது.

சிப் தன் நிகர மதிப்பில் 50 சதவீதம் வரைதான் கடன் வாங்கலாம். 200,000 பவுண்டு இருந்தால் 100,000 கடன், மொத்தம் 300,000. அதை வைத்து 300,000க்குக் கடை வாங்க முடியாது. இங்கிலாந்தில் அந்த விலைக்கு முத்திரை வரி 4,500. விற்பவர் வாட் வரி போடுபவராக இருந்தால் மேலும் 60,000. வாட் பின்னால் திரும்பக் கிடைக்கலாம், ஆனால் வாங்கும் நாளில் அந்தப் பணம் கையில் இருந்தாக வேண்டும். வக்கீல், மதிப்பீட்டாளர், நிறுவனக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல்.

கடைக்கு மேலே வீடு இருந்தால் இன்னும் கவனம். குடியிருப்பு சிப்புக்குள் வந்தால் அது அனுமதியில்லாத முதலீடாகக் கருதப்பட்டு 55 சதவீதம் வரை வரி வரும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் நீங்களோ உறவினரோ குடியிருந்தால் அவை உதவாது. வீட்டை நீண்டகால லீஸாகப் பிரித்து வெளியே வைத்துவிட்டுக் கடையை மட்டும் வாங்குவதுதான் வழக்கம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சிப் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவர் நீங்கள் இல்லை, சிப்பின் சொத்தைச் சட்டப்படி தம் பெயரில் வைத்திருக்கும் அறங்காவலர்கள். உங்கள் பெயரில் ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கும்.

8. யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்

உயில் எழுதியிருக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். சிப் பணத்துக்குத் தனி விருப்பப் படிவம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் அம்மா அப்பா பெயரைக் கொடுத்தவர்கள் அதை மாற்ற மறந்துபோவது சகஜம். ஊரில் இருப்பவர் பெயரைக் கொடுத்தால் அவருடைய பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளையே பயன்படுத்துங்கள். 2027 ஏப்ரல் 6 முதல் நேரும் மரணங்களில், எடுக்காமல் விட்ட பென்ஷனும் வாரிசு வரிக் கணக்கில் சேர்கிறது. வீடும் பென்ஷனும் சேர்ந்து பெரிய தொகையாகும் குடும்பங்கள் படிவத்தை இப்போதே எடுத்துப் பார்க்கட்டும்.

9. பணம் எடுக்கும்போது

50 வயது முதல் பென்ஷன் வைஸ் என்னும் அரசு வழிகாட்டிச் சேவையின் சந்திப்பு இலவசம், போய்விட்டு வாருங்கள். பொதுவாக 25 சதவீதம் வரியில்லாமல் எடுக்கலாம், வாழ்நாள் மொத்தமாக 268,275 பவுண்டு வரை. அதை மட்டும் எடுத்தால் பிரச்சினை இல்லை. வரிக்குரிய பகுதியிலிருந்து ஒரு பவுண்டு எடுத்தாலும், அன்றிலிருந்து இத்தகைய பென்ஷன்களில் நீங்கள் போடக்கூடியது ஆண்டுக்கு 10,000 பவுண்டாகச் சுருங்கிவிடும். இன்னும் வேலை பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

முதல் தடவை வரிக்குரிய பணம் எடுக்கும்போது பெரும்பாலும் அவசர வரிக் குறியீடுதான் போடப்படும். ஒருமுறை எடுக்கும் தொகையை மாதாமாதம் எடுப்பதாக எண்ணி வரி பிடித்துவிடுவார்கள். முதலில் ஒரு சிறு தொகை எடுத்து, சரியான குறியீடு வந்த பிறகு பெரிய தொகை எடுத்தால் இதைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே பிடித்துவிட்டால் ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, படிவம் அனுப்பி எச்.எம்.ஆர்.சி.யிடம் திரும்பக் கேட்கலாம். கணக்கில் பணம் மீதியிருந்து, அந்த ஆண்டு மேலும் எடுக்கப் போவதில்லை என்றால் பி55. மொத்தமும் எடுத்துவிட்டு வேறு வருமானமும் இருந்தால் பி53இசட். வேறு வருமானமே இல்லையென்றால் பி50இசட்.

10. வேலை நடக்காவிட்டால்

தொலைபேசியில் எத்தனை தடவை பேசினாலும் அது பதிவான புகார் ஆகுமா என்பது சந்தேகம். "இது புகார்" என்று தலைப்பிட்டு எழுத்தில் அனுப்புங்கள், தேதிகளையும் தொகைகளையும் குறிப்பிடுங்கள், தாமதத்தால் ஏற்பட்ட இழப்பைக் கணக்கிட்டுக் கேளுங்கள். நிறுவனத்துக்கு 8 வாரம் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். நிர்வாகத் தாமதம், கணக்குப் பிழை போன்றவற்றைப் பென்ஷன்ஸ் ஆம்பட்ஸ்மனும் விசாரிக்கும். இரண்டில் ஒன்றிடம் கொடுத்தால் போதும், பொருத்தமில்லையென்றால் அவர்களே மற்றதற்கு வழி சொல்வார்கள்.